அரை மில்லிமீட்டர்ல போன கீபோர்டு: 12 இன்ச் மேக்புக் பத்தி ஒரு முழு ஆய்வு

ஒரு லேப்டாப்ல ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கு, பேட்டரி நிக்குது, ப்ராசஸர் நல்லா ஓடுது, ஆனா ஸ்பேஸ் பார் மட்டும் அமுக்கினா சிலசமயம் விழல, சிலசமயம் ரெண்டு தடவை விழுது. இத வச்சு ஒரு மெயில் அடிச்சு பாருங்க, பத்து நிமிஷத்துல வெறுத்துப்போயிடும். மத்த எல்லாமே நல்லாருந்தாலும் அந்த மெஷின் அந்த நேரத்துல வேலைக்கு ஆகாது. வீட்டுல இருந்தா ஒரு யூஎஸ்பி கீபோர்ட சொருகி சமாளிச்சுக்கலாம், ஆனா வெயிட் கம்மியா இருக்கணும்னு தேடித்தேடி வாங்கி ஊர் ஊரா தூக்கிட்டுப் போற மெஷின்ல இப்படி ஆச்சுன்னா கூட இன்னொரு கீபோர்டயும் தூக்கிட்டா அலைய முடியும்?

எனக்கு இந்த விஷயத்துல இவ்வளவு அக்கறை வந்ததுக்கு காரணம் இருக்கு. நான் ரயில்லயும் பஸ் ஸ்டாண்ட்லயும் உக்காந்து நிறைய எழுதுறவன், என்கிட்ட இருந்த ஒரு மெல்லிசு லேப்டாப்ல (கம்பெனி பேரு வேணாம், இங்க எழுதப்போற கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல) ஒரு வேலை நடுவுல ரெண்டு கீ செத்துப்போச்சு, சர்வீஸ் சென்டர் இருந்த ஊர் நான் இருந்த ஊர்லேர்ந்து அரை நாள் தூரம். அப்பதான் இந்த மாதிரி மெஷின்கள்ல என்னதான் நடக்குதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டுனதுல இருக்கறதுலயே நல்லா பதிவாகியிருக்கற கேஸ் ஆப்பிளோட 12 இன்ச் மேக்புக்கும் அதுல ஆரம்பிச்ச பட்டர்ஃப்ளை கீபோர்டும்தான். 2015ல அறிமுகமானது, கோர்ட்டு செட்டில்மென்ட் காசு ஜனங்க கைக்கு வந்து சேர்ந்தப்போ 2024 ஆயிடுச்சு.

மெஷின் எப்படி இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். 2015 மார்ச் 9ம் தேதி சான் பிரான்சிஸ்கோல காட்டுனாங்க, ஏப்ரல் 10 விற்பனைக்கு வந்துச்சு, அமெரிக்காவுல ஆரம்ப விலை 1,299 டாலர். எடை 0.92 கிலோ. தடிமன் ரொம்ப தடியான இடத்துல 13.1 மில்லிமீட்டர். ஃபேன் கிடையாது, இன்டெல்லோட கோர் எம் சிப்பு, அதோட மதர்போர்டு ஒரு ஸ்கேல் மாதிரி குட்டியா இருக்கும், மிச்ச இடம் பூரா படிக்கட்டு படிக்கட்டா அடுக்கின பேட்டரி. ரேமும் ஸ்டோரேஜும் போர்டுலயே சால்டர் பண்ணது. வெளிய ஒரு ஹெட்போன் ஓட்டை, ஒரே ஒரு யூஎஸ்பி-சி போர்ட்டு, அவ்வளவுதான். கேட்ஜெட்கள பிரிச்சு பாத்து ரிப்பேர் வழி சொல்ற ஐஃபிக்ஸிட்காரங்க இத பிரிச்சு பாத்துட்டு ரிப்பேர் பண்ற வசதிக்கு பத்துக்கு ஒண்ணுதான் மார்க் போட்டாங்க.

இத ஒரு மோசமான மெஷின்னு சொல்ல எனக்கு மனசு வரல. பையில போட்டா இருக்கறதே தெரியாது, ஸ்க்ரீன் அழகு, சத்தமே வராது. பயணம் பண்றவங்க எதுக்கு ஏங்குனாங்களோ அத கிட்டத்தட்ட கொடுத்துட்டாங்க. அதனாலதான் இதோட தோல்விய கவனமா பாக்கணும்னு நினைக்கிறேன், சல்லிசா செஞ்ச பொருள் ரிப்பேராகறதுல கத்துக்க பெருசா ஒண்ணும் இல்ல.

முதல் அடி கீபோர்டுல விழல, சார்ஜர் கேபிள்ல விழுந்துச்சு. 2016 பிப்ரவரியில ஆப்பிளே அறிவிச்சாங்க, 2015 ஜூன் வரைக்கும் மேக்புக்கோட கொடுத்த யூஎஸ்பி-சி கேபிள்கள்ல டிசைன் கோளாறு இருக்கு, சார்ஜ் ஏறாம போகலாம் இல்ல விட்டு விட்டு ஏறலாம், இலவசமா மாத்தித் தர்றோம்னு. கேபிள் தானே, பெரிய விஷயமான்னு கேக்கலாம். ஆனா யோசிங்க, இந்த மெஷினுக்கு கரண்டு போற வழி ஒண்ணே ஒண்ணுதான், அப்ப அந்த மாதிரி கேபிள கடையில வாங்கறதும் சுலபமில்ல, வெளியூர்ல கேபிள் போச்சுன்னா லேப்டாப்பே போன மாதிரிதான். எடைய குறைக்க குறைக்க மாத்து வழிகளும் குறைஞ்சுடுது, ஒரு போர்ட்டு, ஒரு கேபிள், ஒரு போர்டு, எது போனாலும் பக்கத்துல கைகொடுக்க இன்னொண்ணு இருக்காது. இத மனசுல வச்சுக்கிட்டு கீபோர்டுக்கு வாங்க.

சாதாரண லேப்டாப் கீபோர்டுல ஒவ்வொரு கீக்கு அடியிலயும் கத்தரிக்கோல் மாதிரி எக்ஸ் வடிவத்துல ரெண்டு பிளாஸ்டிக் கால் இருக்கும், நடுவுல ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அமுக்கினா கால் ரெண்டும் மடங்கும், விட்டா குமிழ் மேல தள்ளும். ரொம்ப வருஷமா ஓடிட்டிருக்கற டிசைன், கொஞ்சம் தூசு விழுந்தாலும் சமாளிச்சுக்கும், ஏன்னா உள்ள இடம் இருக்கு. 13 மில்லிமீட்டர் மெஷின்ல அந்த இடம் கிடைக்கல. அதனால ஆப்பிள் புதுசா ஒண்ணு செஞ்சாங்க, ரெண்டு கால் குறுக்க வெட்டிக்காம பட்டாம்பூச்சி ரெக்கை மாதிரி நடுவுல சேர்ந்து ரெண்டு பக்கமும் படுத்திருக்கும், ரப்பர் குமிழுக்கு பதிலா மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டோம். பழசவிட 40 சதவீதம் மெல்லிசு, கீ ஆடாம நாலு மடங்கு உறுதியா நிக்கும்னு மேடையில அப்ப ஆப்பிளோட மார்க்கெட்டிங் தலைவரா இருந்த ஃபில் ஷில்லர் சொன்னாரு. ஆடாம நிக்கும்ங்கறது நிஜம்தான், கீயோட எந்த மூலையில அமுக்கினாலும் ஒரே மாதிரி இறங்கும். ஆனா கீ இறங்கற தூரம் சுமாரா அரை மில்லிமீட்டர்தான்.

எனக்கு தெரிஞ்சு இந்த கேஸோட உயிர்நாடியே அந்த அரை மில்லிமீட்டர்தான். நம்ம தலைமுடியோட தடிமன் 0.05லேர்ந்து 0.1 மில்லிமீட்டர் வரைக்கும் வரும். ஒரு பொடி மணல், ஒரு பிஸ்கட் துணுக்கு, 0.2 மில்லிமீட்டர் இருந்தா போதும், கீ போக வேண்டிய தூரத்துல கிட்டத்தட்ட பாதிய அது பிடிச்சுக்கும். பழைய கீபோர்டுல அதே துணுக்கு ஏதோ ஒரு மூலையில சும்மா கிடக்கும், நமக்கு தெரியவே தெரியாது. பட்டர்ஃப்ளைல அது டோமுக்கு பக்கத்துலயோ ரெக்கையோட கீலுக்கு நடுவுலயோ மாட்டுச்சுன்னா கீ இறங்காது, இல்ல இறங்கி ஒட்டிக்கும், இல்ல ஒரு தடவை அமுக்கினதுக்கு ரெண்டு எழுத்து விழும். சரி கீய கழட்டி சுத்தம் பண்ணலாம்னா அத பிடிச்சிருக்கற கொக்கிங்க அவ்வளவு சின்னது, கழட்டும்போதே ஒடஞ்சு போகும்.

12 இன்ச் மேக்புக்ல மட்டும் இது இருந்த வரைக்கும் புகார்கள் பெருசா வெளிய வரல. 2016 அக்டோபர்ல இதோட ரெண்டாவது பதிப்ப மேக்புக் ப்ரோலயும் போட்டாங்க, நாள் முழுக்க ப்ரோக்ராம் எழுதறவங்க, கட்டுரை எழுதறவங்க கைக்கு போச்சு, அப்பறம்தான் வெடிச்சுது. 2017 அக்டோபர்ல கேஸி ஜான்ஸ்டன்ங்கற பத்திரிகையாளர் தன்னோட ப்ரோல ஸ்பேஸ் பார் மக்கர் பண்ணுன கதைய எழுதினாங்க, கடையில காட்டினா ஒரு தூசு துணுக்கா இருக்கும்னு பதில். அடுத்த வருஷம் ஆப்பிள்இன்சைடர் தளம் சர்வீஸ் கணக்குகள திரட்டி பாத்தாங்க, 2016 மேக்புக் ப்ரோல முதல் வருஷத்துலயே கீபோர்டுக்காக வர்ற ரிப்பேரோட பங்கு 2014, 2015 மாடல்கள விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருந்துச்சு.

ஆப்பிளோட உதவி பக்கத்துல ஒரு வழி போட்டிருந்தாங்க. லேப்டாப்ப 75 டிகிரி சாய்ச்சு பிடிங்க, அழுத்தக் காத்து டப்பாவால இடமிருந்து வலமா அடிங்க, அப்பறம் வலப்பக்கம் திருப்பி அடிங்க, இடப்பக்கம் திருப்பி அடிங்கன்னு. நேர்மையா சொன்ன வழிதான், சிலருக்கு வேலையும் செஞ்சிருக்கு. ஆனா பயணத்துக்குன்னு செஞ்ச ஒரு பொருளுக்கு இத வைத்தியமா சொல்றதுல ஒரு வருத்தம் எனக்கு இருக்கு, அந்த காத்து டப்பாவ கைப்பையில வச்சு விமானத்துல ஏறவே விடமாட்டாங்க, போற இடத்துல கிடைக்குமான்னும் தெரியாது.

காத்துக்கு போகலன்னா என்ன? ஒரு கீய மட்டும் மாத்தறது, ஏன் கீபோர்ட மட்டும் மாத்தறதே கூட வழக்கமா நடக்கல. கீபோர்டு மேல் பக்க அலுமினிய தகட்டோட சேர்ந்த பாகம், சர்வீஸ்ல டாப் கேஸ்னு சொல்லுவாங்க, ப்ரோ மாடல்கள்ல அந்த டாப் கேஸ்ல பேட்டரியும் பசை போட்டு ஒட்டியிருக்கும். அதனால ஸ்பேஸ் பார்ல ஒரு துணுக்கு மாட்டினா நல்லா இருக்கற பேட்டரி, நல்லா இருக்கற தகடு, நல்லா இருக்கற மத்த கீ எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு புதுசு மாத்தணும். வாரன்டி முடிஞ்சிருந்தா சுமார் 700 டாலர்னு அப்ப எழுதினாங்க. மாசக்கணக்குல சேத்து வச்சு வாங்கின ஒரு மெஷினோட விலையில பாதிய ஒரு பொட்டு தூசுக்காக கட்ட சொன்னா யாருக்குத்தான் வயிறு எரியாது. பழுதாகறது எந்த மெஷின்லயும் நடக்கும், அத நான் குத்தமா சொல்லல. சின்ன பழுத சின்ன பழுதாவே சரி பண்ண முடியாத மாதிரி கட்டியிருந்தாங்கன்னு பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

2018 மே மாசம் கலிபோர்னியா ஃபெடரல் கோர்ட்டுல வழக்கு விழுந்துச்சு. அடுத்த மாசம், ஜூன் 22, ஆப்பிள் இலவச ரிப்பேர் திட்டம் அறிவிச்சாங்க, வாங்கின நாள்லேர்ந்து நாலு வருஷம் வரைக்கும் செல்லும், ஏற்கனவே காசு கட்டினவங்க திருப்பி வாங்கிக்கலாம். எழுத்து தானா ரிப்பீட் ஆகறது, எழுத்து விழாம போறது, கீ ஒட்டிக்கறது, இந்த மூணும்தான் அறிகுறின்னு போட்டிருந்தாங்க, பாதிப்பு சின்ன சதவீதம்தான்னும் சொன்னாங்க. இலவசம்ங்கறது பெரிய நிம்மதிதான், மறுக்கல. ஆனா மாத்தி தர்ற கீபோர்டும் அதே பட்டர்ஃப்ளை. இன்னைக்கு மாத்திட்டு வந்தா அடுத்த வருஷம் திரும்ப க்யூவுல நிக்கணும், அந்த நாட்கள்ல மெஷின் கையில இருக்காது, வெளியூர்ல வேலை பாக்கறவங்களுக்கு அதுவே நஷ்டம்.

2018 ஜூலைல மூணாவது பதிப்பு வந்துச்சு. கீபோர்டு சத்தம் குறைஞ்சிருக்குன்னு மட்டும்தான் ஆப்பிள் வெளிய சொன்னாங்க. பிரிச்சு பாத்தா ஒவ்வொரு கீக்கு அடியிலயும் சிலிக்கான் மாதிரி ஒரு மெல்லிசு உறை. தூசு உள்ள போகாம தடுக்கற வழிகளுக்கு ஆப்பிள் 2016லயே காப்புரிமைக்கு விண்ணப்பிச்சிருந்தாங்க, சர்வீஸ் ஆளுங்களுக்கு கொடுத்த உள் ஆவணத்துலயும் இந்த உறை குப்பை போகாம இருக்கத்தான்னு எழுதியிருந்தது அப்பறம் வெளிய வந்துச்சு. எனக்கு இதுல கஷ்டமா இருக்கறது என்னன்னா, வெளிப்படையா தூசு பிரச்சனை இருக்கு, உறை போட்டிருக்கோம்னு சொல்லியிருந்தா பழைய மாடல் வச்சிருந்தவங்க எத்தனையோ பேருக்கு நம்ம மேல தப்பில்லன்னு ஒரு ஆறுதலாவது கிடைச்சிருக்கும், லேப்டாப் முன்னாடி சாப்பிட்டது நம்ம தப்போன்னு நினைச்சுட்டே இருந்திருப்பாங்க பாவம். ஐஃபிக்ஸிட்காரங்க இந்த மூணாவது பதிப்புல கலர் பொடிய தூவி சோதிச்சாங்க, உறை ஓரத்துலயே கொஞ்சம் பிடிச்சு வச்சுது, ஆனா இன்னும் பொடி தூவி பலமா டைப் அடிச்சப்போ உள்ள போயிடுச்சு.

உறை போட்டும் புகார் நிக்கல. 2018 அக்டோபர்ல வந்த புது மேக்புக் ஏர்லயும் இதே மூணாவது பதிப்புதான். 2019 மார்ச்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல ஜோஆனா ஸ்டெர்ன் தன்னோட லேப்டாப்ல மக்கர் பண்ற ஈ, ஆர் எழுத்துகளே இல்லாம ஒரு முழு பத்திய வெளியிட்டாங்க, படிக்கறவங்களுக்கு கண்ணு முழி பிதுங்குச்சு. அதுக்கப்பறம் ஆப்பிள் ஒரு சின்ன எண்ணிக்கை பயனாளிகளுக்கு மூணாவது பதிப்புலயும் பிரச்சனை இருக்கறது தெரியும், அதுக்கு வருந்துறோம்னு சொன்னாங்க. அதே வருஷம் மே 21, உறையோட பொருளையும் உலோக டோமையும் மாத்தின நாலாவது முயற்சி, கூடவே பட்டர்ஃப்ளை இருக்கற எல்லா மாடலுக்கும் இலவச ரிப்பேர் நீட்டிப்பு. அன்னைக்கு புதுசா கடைக்கு வந்த மாடலும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு! விற்க ஆரம்பிச்ச நாள்லயே ரிப்பேர் திட்டத்துல ஒரு பொருள சேக்கறாங்கன்னா அவங்களுக்கே முழு நம்பிக்கை வரலன்னுதான் நான் எடுத்துக்கறேன்.

அதே நாள்ல இன்னொரு ரிப்பேர் திட்டமும் அறிவிச்சாங்க, அதையும் சொல்லணும் ஏன்னா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. 2016 13 இன்ச் ப்ரோல ஸ்க்ரீனோட பேக்லைட்டுக்கு போற பட்டை கேபிள் ரொம்ப குட்டையா, மூடி திறக்கும்போதெல்லாம் இழுபட்டு தேய்ஞ்சு, கீழ நாடக மேடை விளக்கு மாதிரி பட்டை பட்டையா வெளிச்சம் வரும், போகப்போக ஸ்க்ரீனே இருட்டாயிடும். கேபிள் ஸ்க்ரீனோட சேர்ந்தது, அதனால மொத்த ஸ்க்ரீனையும் மாத்தணும். 2018 மாடல்ல அந்த கேபிள ரெண்டு மில்லிமீட்டர் நீளமாக்கியிருந்தத ஐஃபிக்ஸிட் கண்டுபிடிச்சாங்க. ரெண்டே மில்லிமீட்டர்.

கீபோர்டுக்கு தீர்வு என்னவா இருந்துச்சு தெரியுமா? பழைய கத்தரிக்கோல் டிசைனுக்கு திரும்பினதுதான். 2019 நவம்பர்ல 16 இன்ச் ப்ரோல முதல்ல வந்துச்சு, 2020 மார்ச்ல ஏர்ல, மே மாசம் 13 இன்ச் ப்ரோல. கீ இறங்கற தூரம் ஒரு மில்லிமீட்டர். இதுக்காக மெஷின் எவ்வளவு தடிச்சுதுன்னு நான் அளவுகள எடுத்து பாத்தேன். ஏர் 15.6 மில்லிமீட்டர்லேர்ந்து 16.1. எடை 1.25 கிலோலேர்ந்து 1.29. 13 இன்ச் ப்ரோ 14.9லேர்ந்து 15.6. அதாவது ஏர்ல கூடினது அரை மில்லிமீட்டரும் 40 கிராமும், ஒரு கோழிமுட்டையோட எடை கூட இல்ல. கூடினதெல்லாம் கீபோர்டுக்காக மட்டும்தான்னு சொல்ல வரல, ஆனா பயணிக்கு இந்த வித்தியாசம் தோள்ல தெரியாது, பையிலயும் தெரியாது. அந்த அரை மில்லிமீட்டர மிச்சம் பிடிச்சதுக்குத்தான் நாலரை வருஷம் போச்சு, மூணு தடவை ஒட்டுப்போட்டாங்க, டாப் கேஸ் டாப் கேஸா குப்பைக்கு போச்சு.

12 இன்ச் மேக்புக்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கல. 2017 ஜூன்ல ரெண்டாவது பதிப்பு கீபோர்டோட ஒரு தடவை புதுப்பிச்சாங்க, 2019 ஜூலைல நிறுத்திட்டாங்க. நல்ல கீபோர்டோட அந்த மெஷின் வரவே இல்ல. அத நினைச்சா எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு, 0.92 கிலோங்கறது 0.96 ஆகியிருந்தா கூட அது ஒரு அருமையான பயண லேப்டாப்பாவே இருந்திருக்கும்.

கோர்ட்டு பக்கம் மெதுவாத்தான் நகர்ந்துச்சு. சான் ஹோசேல நீதிபதி எட்வர்ட் டவிலா விசாரிச்சாரு. வாதிகள் தாக்கல் பண்ண ஆவணங்கள்ல ஆப்பிள் உள்ள ஒரு உயர் அதிகாரி இந்த கீபோர்டுக்கு எவ்வளவு பூச்சு பூசினாலும் அசிங்கம் அசிங்கம்தான்ங்கற அர்த்தத்துல எழுதினதும் இருந்துச்சு, உள்ள இருக்கறவங்களுக்கு தெரிஞ்சிருக்குன்னு அதுலேர்ந்து புரியுது. 2022 ஜூலைல 5 கோடி டாலருக்கு சமரசம், தப்ப ஒத்துக்காமதான். கலிபோர்னியா, நியூயார்க், ஃப்ளோரிடா, இல்லினாய், மிச்சிகன், நியூ ஜெர்சி, வாஷிங்டன்னு 7 மாநிலத்துல வாங்கினவங்களுக்கு மட்டும். ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ டாப் கேஸ் மாத்தினவங்களுக்கு அதிகபட்சம் 395 டாலர், ஒரு தடவை மாத்தினவங்களுக்கு 125 வரைக்கும், கீ மூடி மட்டும் மாத்தினவங்களுக்கு 50 வரைக்கும். இதுல ரெண்டு தடவை மாத்தினவங்கன்னே ஒரு தனி பிரிவு வைக்க வேண்டி வந்துச்சே, ரிப்பேரே ரிப்பேரா இல்லாம போனதுக்கு அத விட சாட்சி வேணுமா. காசு 2024 ஆகஸ்ட்ல போய் சேர்ந்துச்சு. வேற நாட்டுல, வேற மாநிலத்துல வாங்கினவங்களுக்கு இந்த சமரசத்துல ஒரு டாலர் கிடையாது.

செகண்ட் ஹேண்ட்ல இந்த 12 இன்ச் மெஷின் இன்னும் விலை கம்மியா கண்ணுல படும், பாத்தா ஆசையா இருக்கும், எனக்கும் இருக்கும். வாங்கறதா இருந்தா 2017 மாடலா பாருங்க, மேக்கோட ஆபரேட்டிங் சிஸ்டமான மேக்ஓஎஸ்ல 2015 மாடல் பிக் சர் பதிப்போட நின்னுடும், 2016 அடுத்த பதிப்பான மான்டரேயோட, 2017 அதுக்கும் அடுத்த வென்ச்சுரா வரைக்கும் போகும். நாலு வருஷ இலவச திட்டம் எல்லாத்துக்கும் முடிஞ்சு போச்சு, இனி கீபோர்டு போனா முழு செலவும் உங்களுதுதான். நேர்ல போய் ஒரு வெத்து ஃபைல திறந்து ஒவ்வொரு கீயையும் இருபது முப்பது தடவை அடிங்க, மூலையில மெதுவாவும் அமுக்கி பாருங்க, ஸ்பேஸ், ஈ, ஏ, என்டர் இந்த நாலையும் கூடுதலா, விக்கறவரு அவசரப்படுத்தினாலும் பரவால்லன்னு மெஷின அரை மணி நேரம் ஓடவிட்டு சூடானதுக்கு அப்பறம் இன்னொரு தடவை அடிங்க. ஒரே ஒரு எழுத்து ரெண்டா விழுந்தாலும் காசு கொடுக்காதீங்க, இந்த மெஷின்ல அந்த ஒரு எழுத்து அதோட நிக்காது.